காட்டைக் காப்போரும் காட்டில் வாழ்வோரும்

செப்டம்பர் நடுவில் நான்கு நாள் இடைவெளியில் இரண்டு தியாகிகள் தினங்கள் வருகின்றன. ஒன்று அரசு அனுசரிப்பது. மற்றொன்று தொழிலாளி வர்க்கம் அனுசரிப்பது. செப்டம்பர் 11 தேசிய வனத் தியாகிகள் தினம். பணியின்போது உயிரிழந்த வனத்துறை ஊழியர்களின் பெயர்கள் அன்று வாசிக்கப்படுகின்றன; அணிவகுப்பு நடக்கிறது; மலர்வளையம் வைக்கப்படுகிறது. செப்டம்பர் 15 மட்டாஞ்சேரித் தியாகிகள் தினம். 1953ஆம் ஆண்டு அந்த நாளில் கொச்சித் துறைமுகத் தொழிலாளர் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைதும் சைதலவியும் குண்டடிபட்டு வீழ்ந்தனர். ஆன்றணியும் அந்தப் போராட்டத்தில் உயிர்நீத்தார்.

ஒன்று மலைக்காட்டைப் பற்றியது, மற்றொன்று கடற்கரையைப் பற்றியது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். நெருக்கமான தொடர்பு இருக்கிறது. வனத்துறையின் அதிகாரம் பற்றியும், அத்துறையின் கடைநிலை ஊழியர் நிலை பற்றியும், காட்டில் வாழும் மக்களின் உரிமை பற்றியும் விவாதம் சூடேறியிருக்கும் இக்காலத்தில் அந்தத் தொடர்பை விளங்கிக்கொள்வது இயக்கத்தினருக்கு அவசியமாகிறது.

வனத் தியாகிகள் தினத்தின் பின்னணியே சிந்திக்கத்தக்கது. 1730இல் மார்வார் அரசின் கேஜர்லி கிராமத்தில், அரண்மனைத் தேவைக்காக மரம் வெட்ட வந்த அரசனின் ஆட்களை அம்ருதா தேவி என்னும் பெண் தடுத்தார். அவரும் அவரைத் தொடர்ந்து மரங்களைக் கட்டிக்கொண்டு நின்ற பிஷ்னோய் மக்களும் வெட்டிக் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டோர் 363 பேர் என்பது மரபு. மரத்தைக் காத்தவர்கள் கிராம மக்கள். வெட்ட வந்தவர்கள் அரசின் ஊழியர்கள். இன்று சீருடை அணிந்த வனத்துறை அந்த மக்களின் நினைவு நாளையே தன் தியாகிகள் தினமாக ஏற்றிருக்கிறது. ஏற்றது நல்லதே. ஆனால் அந்த நினைவு நாள் எழுப்பும் கேள்வியையும் சேர்த்தே ஏற்க வேண்டும். காட்டைக் காப்பவர் யார், காடு யாரிடமிருந்து காக்கப்பட வேண்டும் என்பதே அந்தக் கேள்வி.

மட்டாஞ்சேரி எழுப்புவது இன்னொரு கேள்வி. அந்நாளில் துறைமுக வேலைக்கு ஆள் எடுத்த முறைக்குச் 'சாப்பா' என்று பெயர். கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவான். பசியோடு காத்திருக்கும் தொழிலாளர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அவற்றைப் பொறுக்குவர். வில்லை கிடைத்தவனுக்கு வேலை. கிடைக்காதவன் வீடு திரும்ப வேண்டும். வேலை என்பது உரிமையாக இல்லாமல் எறியப்படும் பிச்சையாக இருந்த அந்த முறையை ஒழிக்கவே தொழிலாளர்கள் எழுந்தனர். அந்த எழுச்சியும் நாடெங்கும் துறைமுகங்களில் நடந்த போராட்டங்களும், 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டத்தைக் காகிதத்திலிருந்து கரைக்குக் கொண்டுவந்தன.

காட்டுக்கும் இந்தக் கரைக்கும் பழைய உறவு உண்டு. மட்டாஞ்சேரியின் கிடங்குகளில் குவிந்த மிளகும் ஏலமும் மலையிலிருந்து இறங்கியவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சி சமஸ்தானம் பரம்பிக்குளம் காடுகளிலிருந்து சாலக்குடி வரை டிராம் பாதை அமைத்தது. தேக்கும் பிற மரங்களும் அவ்வழியே இறங்கி, அங்கிருந்து ரயிலேறிக் கொச்சிக்கு வந்தன. 1963 வரை அந்தப் பாதை இயங்கியது. அன்றைய வனத்துறையின் தலையாய பணி மரத்தை விற்று வருவாய் ஈட்டுவது. அந்தக் காடுகளின் பூர்வகுடிகளான காடர்கள் அத்துறைக்குக் கூலியாட்களாகவோ அத்துமீறியவர்களாகவோ மட்டுமே தெரிந்தனர். 1864இல் ஆங்கிலேயர் அமைத்த வனத்துறையும், 1878, 1927 ஆண்டுகளின் வனச் சட்டங்களும் இதே நோக்கில் பிறந்தவை. சுதந்திரத்துக்குப் பின்னர் கொடி மாறியது. சட்டப் புத்தகம் பெரிதும் மாறவில்லை.

மீட்கும் கைகள்

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு விழுங்கியது. அதையடுத்த நாட்களில் அட்டமலைக் காட்டுக்குள் பணியர் குடும்பம் ஒன்று சிக்கியிருப்பது தெரியவந்தது. கல்பெட்டா வனச்சரக அதிகாரி தலைமையில் நால்வர் கொண்ட குழு செங்குத்தான வழுக்குப் பாறையில் கயிறு கட்டி இறங்கியது. குகைக்குள் ஒரு தந்தையும் சிறு குழந்தைகளும் பல நாள் பட்டினியில், குளிரில் நடுங்கிக் கிடந்தனர். வெளியார் யாரையும் எளிதில் நம்பாத அந்த மனிதரிடம் நெடுநேரம் பேசி இணங்கச் செய்து, குழந்தைகளைத் துணியால் தங்கள் உடலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வன ஊழியர்கள் மேலேறினர். ஏறத்தாழ எட்டு மணி நேரம் நீடித்த பணி அது. நாடு முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்தது; பாராட்டியது.

பாராட்டு உரியதே. ஆயினும் அந்த நிகழ்வில் கயிற்றைவிட முக்கியமாக இருந்தது, அந்தத் தந்தை இறுதியில் அளித்த சம்மதம். சீருடையைக் கண்டதும் காட்டுக்குள் ஓடி ஒளியும்படி தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட மக்களை, ஆபத்து வேளையில் அதே சீருடை அணிந்தவர் அழைத்தால் வரமாட்டார்கள். நம்பிக்கை இல்லாத இடத்தில் மீட்புப் பணியும் தோற்கும்.

மீட்கச் செல்வோரின் நிலை என்ன? 2020 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் காட்டுத்தீயை அணைக்கச் சென்ற மூன்று வாட்சர்கள் தீயில் கருகி இறந்தனர். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றோரைக் காட்டுத்தீ சூழ்ந்து 23 உயிர்களைப் பறித்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. தீயோடு போராட அனுப்பப்படுவோர் கையில் பச்சை மரக்கிளைதான் பெரும்பாலும் ஆயுதம். தீத்தடுப்பு உடை, தொலைத்தொடர்புக் கருவி, அவசர மருத்துவ ஊர்தி ஆகியவை காட்டின் விளிம்புக்கு வந்து சேர்வதில்லை.

2024 பிப்ரவரியில் வயநாட்டில் குருவா தீவின் சூழல் சுற்றுலாப் பணியாளர் ஒருவர் யானை தாக்கி இறந்தார். மானந்தவாடியிலிருந்து கோழிக்கோடு வரை அவரை மலைப்பாதையில் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. 2025 ஜனவரி 24 அன்று மானந்தவாடி அருகே பஞ்சாரக்கொல்லியில் காப்பிக்கொட்டை பறிக்கச் சென்ற பழங்குடிப் பெண்ணைப் புலி கொன்றது. அவருடைய கணவர் வனத்துறையில் தற்காலிக வாட்சர். புலியைத் தேடும்போது விரைவு மீட்புக் குழு ஊழியர் ஒருவரும் தாக்குதலுக்கு உள்ளானார். அமைச்சரைச் சூழ்ந்து முழக்கமிட்ட மக்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் முதலில் சென்று மோதுவது காக்கி அணிந்த தற்காலிக ஊழியரின் மீது. பஞ்சாரக்கொல்லியில் அந்த ஊழியரின் வீட்டிலேயே சாவு விழுந்திருந்தது.

கேரளத்தில் தற்காலிக வாட்சர். தமிழ்நாட்டில் வேட்டைத் தடுப்புக் காவலர். பெயர் வேறு, நிலை ஒன்று. இருளர், குறும்பர், மலசர், காடர் முதலிய மக்களின் பிள்ளைகளே இவர்களில் பெரும்பகுதியினர். யானை எந்த வழியில் வரும், தீ எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அறிந்தவர்கள் இவர்கள். ரோந்து இவர்களுடையது, பதக்கம் மேலே இருப்பவர்களுடையது. பத்தாண்டு, இருபதாண்டு பணிபுரிந்தும் நிரந்தரமில்லை. கூலி மாதக்கணக்கில் நிலுவையாவது குறித்த புகார் மீண்டும் மீண்டும் எழுகிறது. தனியார் முகமை வழியே இவர்களை அமர்த்தும் முயற்சிக்கு ஆனைமலையில் இந்த ஊழியர்களே எதிர்ப்புத் தெரிவித்தனர். மட்டாஞ்சேரியில் ஒழிந்த சாப்பா முறை மலைக்காட்டில் ஒப்பந்தத் தாளாக உருமாறி வாழ்கிறது என்றால் அது மிகையன்று.

கைது செய்யும் கைகள்

வனத்துறைக்கு மற்றொரு முகமும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 50ஆவது பிரிவு, சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் பிடியாணையின்றிக் கைது செய்யவும் வன அதிகாரிகளுக்கு அதிகாரம் அளிக்கிறது. உதவி வனப் பாதுகாவலர் நிலையிலுள்ள அதிகாரி சாட்சியங்களைப் பதிவு செய்யலாம். அவை விசாரணையில் ஏற்கத்தக்கவை. வனவிலங்கின் உறுப்பு ஒருவரின் கைவசம் இருந்தது நிறுவப்பட்டால், அது சட்டவிரோதமானது என்றே 57ஆவது பிரிவின்படி கருதப்படும். அவ்வாறு இல்லை என மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழும். காவல் நிலையத்துக்கு உள்ள வரம்புகளில் பல வனச்சரக அலுவலகத்தின் இருட்டறைக்கு எட்டுவதில்லை.

இந்த அதிகாரம் தேவையற்றது என்று யாரும் சொல்லவில்லை. 2015இல் எர்ணாகுளம் மாவட்டத்தின் மலையாற்றூர் வனக்கோட்டத்தில் யானை வேட்டைக் கும்பல் பிடிபட்டபோது, புலனாய்வு திருவனந்தபுரம் வழியே தில்லியின் வணிகர்கள் வரை சென்றது. துப்பாக்கி ஏந்தியவன் கூலிக்காரன். தந்தத்தை வாங்கியவனே முதலாளி என்பது அங்கே அம்பலமாயிற்று. சட்ட அமலாக்கம் மேல்நோக்கிச் செல்ல முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அது எப்போதும் அவ்வாறு செல்கிறதா?

கொச்சியில் நடந்த இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2011இல் தேவராவில் நடிகர் மோகன்லாலின் இல்லத்தில் வருமான வரித்துறை நடத்திய சோதனையில் யானைத் தந்தங்கள் இருந்தது வெளிப்பட்டது. எர்ணாகுளம் மாவட்டத்துக் கோடநாடு வனத்துறை 2012இல் வழக்குப் பதிந்தது. கைது ஏதும் நடக்கவில்லை. 2016 தொடக்கத்தில் அன்றைய ஐக்கிய ஜனநாயக முன்னணி ஆட்சியில் தந்தங்களுக்கு உரிமைச் சான்றிதழே வழங்கப்பட்டது. பின்னர் வழக்கைத் திரும்பப் பெற அரசுத் தரப்பு முனைந்தபோது பெரும்பாவூர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2025 அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் அந்த உரிமைச் சான்றிதழ்கள் செல்லாதவை எனத் தீர்ப்பளித்தது.

2025 ஏப்ரல் 28 அன்று அதே கொச்சியில் ராப் பாடகர் வேடன் வேறொரு வழக்கில் போலீசிடம் பிடிபட்டார். ஈழத்தமிழ்த் தாய்க்குப் பிறந்த தலித் கலைஞர் அவர். அவருடைய கழுத்துச் சங்கிலியில் சிறுத்தைப் பல் இருப்பதாகக் கூறி அதே கோடநாடு வனத்துறை அவரைக் கைது செய்தது. ரசிகர் ஒருவர் தந்த பரிசு என்றும், அது உண்மையான பல் என்பது தமக்குத் தெரியாது என்றும் அவர் கூறினார். ஏப்ரல் 30 அன்று பெரும்பாவூர் நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. துறையின் வேகம் கேரளம் முழுவதும் கண்டனத்துக்கு உள்ளானது. அவர் மீது பின்னாளில் எழுந்த பிற குற்றச்சாட்டுகள் உரிய நீதிமன்றங்களில் தீர்க்கப்பட வேண்டியவை. இங்கே எழும் கேள்வி அவற்றோடு தொடர்பற்றது. ஒரே சட்டம், ஒரே வனத்துறை அலுவலகம். ஒருவருக்குப் பதினான்கு ஆண்டுகளில் கைவிலங்கு எட்டவில்லை. மற்றொருவருக்கு ஓரிரு நாளில் எட்டிவிட்டது. இந்த வேறுபாட்டை விளக்கச் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பயனில்லை. வர்க்கத்தையும் சாதியையும்தான் பார்க்க வேண்டும்.

பெயர் பெற்றவருக்கே இந்த நிலை என்றால் பெயரற்றவர் கதி என்ன? 2022இல் இடுக்கி மாவட்டம் கண்ணம்படியைச் சேர்ந்த பழங்குடி இளைஞர் ஒருவர் காட்டு விலங்கு இறைச்சி வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். வழக்கு பொய்யாகப் புனையப்பட்டது என்பது பின்னர் தெரியவந்து, வன அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். 2020 ஜூலையில் பத்தனம்திட்டை மாவட்டம் சிற்றாரில் வனத்துறையினரின் பிடியிலிருந்த விவசாயி ஒருவர் கிணற்றில் பிணமாகக் கிடந்தார். நீதி கேட்டு அவருடைய குடும்பத்தினர் ஒரு மாதத்துக்கும் மேலாக உடலை அடக்கம் செய்யாமல் காத்திருந்தனர். உயர் நீதிமன்ற ஆணைப்படி வழக்கு சிபிஐ வசம் சென்றது.

வாச்சாத்தியின் பாடம்

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இவை புதியவை அல்ல. 1991 நவம்பரில் கோபிநத்தம் பகுதியில் வனத்துறை அதிகாரி ஸ்ரீநிவாஸ் வீரப்பனால் கொல்லப்பட்டார். மக்களுக்கு மருத்துவ வசதி செய்து தந்து, கோயில் கட்ட உதவி, அவர்களுடைய நம்பிக்கையைப் பெற்றுக் கடத்தலைத் தடுக்க முனைந்தவர் அவர். இன்றும் அவ்வூர் மக்கள் அவரை நினைவுகூர்கின்றனர்.

ஏழு மாதம் கழித்து, 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடும் பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் தருமபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள் புகுந்தனர். வீடுகள் நொறுக்கப்பட்டன. தானியம் பாழாக்கப்பட்டது. கிணற்றில் எண்ணெய் ஊற்றப்பட்டது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் சிறையில் தள்ளப்பட்டனர். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் தோழர் அ.நல்லசிவன் தொடங்கிவைத்த சட்டப் போராட்டத்தை விடாது நடத்தின. 2011 செப்டம்பர் 29 அன்று குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அவர்களுள் 126 பேர் வனத்துறையினர். இந்திய வனப்பணி அதிகாரிகளும் அதில் அடங்குவர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

மக்களோடு நின்ற அதிகாரியையும் மக்களைச் சூறையாடிய கூட்டத்தையும் ஒரே துறைதான் உருவாக்கியது. ஆகவே தனிமனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி அதிகாரத்தைக் கொடுத்துவிட முடியாது. அதிகாரத்துக்கு மேல் மக்களின் கண்காணிப்பு இருக்கிறதா என்பதே அளவுகோல்.

அதிகாரம் விரிகிறது, உரிமை சுருங்குகிறது

பாஜக ஒன்றிய அரசின் திசை வேறு. 2019 மார்ச்சில் அது வெளியிட்ட இந்திய வனச் சட்டத் திருத்த வரைவு, வன அதிகாரிகளுக்குத் துப்பாக்கிப் பிரயோக அதிகாரத்தையும் வழக்கிலிருந்து விலக்கையும் சேர்த்தே அளிக்க முற்பட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் அவ்வாண்டு நவம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. 2024 ஜூனில் தேசியப் புலிகள் காப்பக ஆணையம், காப்பகங்களின் மையப் பகுதிகளில் உள்ள 591 கிராமங்களின் 64,801 குடும்பங்களை வெளியேற்றும் பணியை விரைவுபடுத்துமாறு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. மறுபக்கம், 2023ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் காட்டை வேறு பயன்பாட்டுக்குத் திருப்புவதை எளிதாக்கியது. கிரேட் நிக்கோபாரில் மட்டும் ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு பெருந்திட்டத்துக்குத் தாரை வார்க்கப்படுகிறது. விறகு பொறுக்கும் பெண்ணைத் தடுக்க வாட்சர் இருக்கிறார். அந்த மண்வாரி இயந்திரங்களைத் தடுக்க எந்த வனச்சரகருக்கும் அதிகாரம் இல்லை.

கேரள அனுபவத்தையும் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். 2024இல் இடது ஜனநாயக முன்னணி அரசு வெளியிட்ட கேரள வனச் சட்டத் திருத்த மசோதா, கடைநிலை வன ஊழியர் வரை வன அதிகாரி என்னும் வரையறையை நீட்டி, பிடியாணையின்றிக் கைது செய்யும் அதிகாரத்தை விரிவாக்க முனைந்தது. மலையோர விவசாயிகளும் பழங்குடி அமைப்புகளும் எதிர்த்தனர். 2025 ஜனவரியில் முதலமைச்சர் மசோதாவைக் கைவிடுவதாக அறிவித்தார். கைவிட்டது சரி. அதிகாரிகள் எழுதித் தரும் வரைவு மக்கள் முன் விவாதிக்கப்படாமல் மசோதாவாவது தவறு என்ற பாடமும் அதில் அடங்கியுள்ளது. மனித–வனவிலங்கு மோதலை மாநிலப் பேரிடராக 2024 மார்ச்சில் கேரளம் அறிவித்தது மாறான, சரியான திசை. பேரிடர் என்று ஆனதும் பொறுப்பு வனத்துறையின் தோளிலிருந்து மாவட்ட நிர்வாகம், சுகாதாரத்துறை, உள்ளாட்சி என எல்லோர் தோளுக்கும் பரவுகிறது.

மாற்று வழி காகிதத்தில் மட்டும் இல்லை. பெரியாறு புலிகள் காப்பகத்தில் வயணப்பட்டை கடத்தியவர்களே 1990களின் இறுதியில் சூழல் மேம்பாட்டுக் குழுவாகத் திரட்டப்பட்டுக் காட்டின் காவலர்களாயினர். குமுளிப் பகுதிப் பெண்கள் 'வசந்தசேனா' என்னும் பெயரில் கூலி பெறாமல் ரோந்து செல்கின்றனர். வாழச்சால் பகுதியின் காடர் கிராம சபைகள் சமூக வன உரிமை பெற்றுள்ளன. இடதுசாரிகளின் வலியுறுத்தலோடு நிறைவேறிய 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டையும் வனவிலங்கையும் காக்கும் அதிகாரத்தைத் தனது 5ஆவது பிரிவின் வழி கிராம சபைக்கே அளித்திருக்கிறது. காட்டில் வாழ்வோர் காவலின் பங்காளிகள் என்று சட்டமே சொல்கிறது. துறை அதை இன்னும் முழுமையாக ஒப்பவில்லை.

இயக்கத்தின் கடமைகள்

முதலாவது, தற்காலிக வாட்சர்களையும் வேட்டைத் தடுப்புக் காவலர்களையும் நிரந்தரமாக்கவும், காலமுறை ஊதியம், காப்பீடு, பாதுகாப்புக் கருவி, மலையோர மருத்துவமனைகளில் அவசர சிகிச்சை ஆகியவற்றைப் பெறவும் தொழிற்சங்க இயக்கம் முன்னிற்க வேண்டும். இரண்டாவது, வனத்துறையின் ஒவ்வொரு கைதும் உடனடியாகக் குடும்பத்துக்கும் சட்ட உதவி மையத்துக்கும் தெரிவிக்கப்படவும், வனச்சரக அலுவலகங்கள் காவல் நிலையங்களுக்குரிய கண்காணிப்புக்கு உட்படவும் வேண்டும். மூன்றாவது, கிராம சபையின் இசைவின்றி எவரையும் வெளியேற்றக் கூடாது என்ற நிலைப்பாட்டில் தளர்வு கூடாது. நான்காவது, பயிரையும் உயிரையும் இழந்தோருக்கான இழப்பீடு அலுவலக வாசலில் காத்திருந்து பெறும் தயவாக இல்லாமல், காலக்கெடுவுடன் வரும் உரிமையாக வேண்டும்.

இவற்றைவிடக் கடினமான கடமை ஒன்று உண்டு. மலையோரத்தில் விவசாயி வாட்சரைப் பகைவனாகப் பார்க்கிறான். வாட்சர் பழங்குடியைச் சந்தேகிக்கிறார். பழங்குடி இருவரையும் அஞ்சுகிறார். மூவரும் உழைப்பாளிகள். மூவரின் பகையில் குளிர்காய்வோர் தோட்ட முதலாளிகளும் ரிசார்ட் அதிபர்களும் கடத்தல் வணிகர்களும். விவசாயிகள் சங்கமும் மலைவாழ் மக்கள் சங்கமும் வன ஊழியர் சங்கமும் தனித்தனி மேடைகளில் பேசிக்கொண்டிருக்கும் வரை இந்தப் பகை நீடிக்கும். அவர்களை ஒரே மேடைக்குக் கொண்டுவருவது இயக்கத்தால் மட்டுமே ஆகக்கூடிய காரியம்.

1953இல் மட்டாஞ்சேரியில் வில்லை பொறுக்க ஒருவர் மேல் ஒருவர் விழுந்தவர்கள், வில்லையை எறியும் கையை அடையாளம் கண்ட நாளில் சங்கமாயினர். மலையோரத்திலும் அந்தக் கையை அடையாளம் காட்டும் பணி காத்திருக்கிறது. கிளைக் கூட்டங்களில் இது விவாதிக்கப்பட வேண்டும்; வனச்சரக எல்லைகளில் வாழும் தோழர்கள் அடுத்த கிராம சபையிலேயே தொடங்கலாம்.